அன்மேனேஜ்டா, மேனேஜ்டா? பேனலுக்குள் போகும் ஈதர்நெட் சுவிட்ச்

மோக்ஸா நிறுவனத்தின் இடிஎஸ்-205ஏ, இடிஎஸ்-408ஏ என்ற இரண்டு ஈதர்நெட் சுவிட்சுகளை (ஆலைக் கருவிகளை நெட்வொர்க்கில் இணைப்பவை) எடுத்துக்கொள்வோம். இரண்டும் பேனலுக்குள் (கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்) இருக்கும் டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் மாட்டுபவை; 24 வோல்ட் டிசியில் இயங்குபவை. முன்னது ஐந்து போர்ட் கொண்ட அன்மேனேஜ்டு சுவிட்ச், அதாவது அமைப்பு எதையும் மாற்ற முடியாதது; பின்னது எட்டு போர்ட் கொண்ட மேனேஜ்டு சுவிட்ச், அதாவது உள்ளே நுழைந்து அமைக்கவும் கண்காணிக்கவும் முடிவது. போர்ட்டை எண்ணி வாங்குகிறவர்கள் ஏராளம். ஒரு கேபிள் அறுந்தால் உற்பத்தி நிற்கலாமா, கூடாதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

தனி இயந்திரம் ஒன்று, அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி ஒன்று, ஒரு திரை, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு டிரைவ் என்றால் 205ஏ தாராளமாகப் போதும். ஐபி முகவரி தேவையில்லை, கடவுச்சொல் இல்லை; மின்சாரம் கொடுத்துக் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் யாராவது ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதில் செருகிவிட்டால், எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் செய்திகள் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே அடைத்துவிடும். எந்தப் போர்ட்டில் கோளாறு என்று உள்ளே நுழைந்து பார்க்கவும் வழியில்லை.

பல பேனல்களை வளையமாக இணைக்க வேண்டுமென்றால் 408ஏ-தான். வளையத்தில் ஓர் இணைப்பு அடைபட்டு நிற்கும். வேறெங்காவது அறுந்தால் அது திறந்துகொள்ளும். மோக்ஸாவின் சொந்த வளைய நெறிமுறையான டர்போ ரிங் 250 சுவிட்ச் வரை 20 மில்லி விநாடிக்குள் மீளும் என்கிறது நிறுவனம். ஆனால் வளையத்தில் வேறு நிறுவனச் சுவிட்சைச் சேர்க்க முடியாது. ஆர்எஸ்டிபி என்ற நெறிமுறை எல்லா நிறுவனங்களுக்கும் பொது. மீளும் வேகம் குறைவு. எம்ஆர்பி என்ற இன்னொரு பொதுத்தர வளைய நெறிமுறை 50 சாதனங்கள் வரை 200 மில்லி விநாடிக்குள் மீளும்படி வரையறுக்கப்பட்டது.

இந்த எண்களைப் பிஎல்சியின் பொறுமையோடு ஒப்பிடாமல் முடிவெடுக்கக் கூடாது. பிஎல்சியும் கருவிகளும் தரவு பரிமாறும் ப்ரோஃபிநெட் நெறிமுறையில் 8 மில்லி விநாடிக்கு ஒரு பரிமாற்றச் சுழற்சி, மூன்று சுழற்சி தவறினால் துண்டிப்பு என்று வைத்திருந்தால் 24 மில்லி விநாடிதான் அவகாசம். டர்போ ரிங் மயிரிழையில் தப்பும். எம்ஆர்பி மீள்வதற்குள் இயந்திரம் நின்றுவிடலாம். சுழற்சியையோ தவறும் எண்ணிக்கையையோ உயர்த்த இயந்திரம் இடம்கொடுத்தால், நான் பொதுத்தரத்தையே தேர்வேன். பத்து ஆண்டுகள் கழித்து உதிரி கிடைக்க வேண்டுமே!

408ஏ-யை அமைப்பதில் வரிசை முக்கியம். ஆலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் 192.168.127.253 என்ற ஒரே முகவரி. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே மேசையில் வைத்து முகவரி, கடவுச்சொல், வளைய நெறிமுறை ஆகியவற்றைப் பதிய வேண்டும். பிறகு வரிசையாக இணைத்து, வளையத்தை மூடும் கேபிளைக் கடைசியில் செருக வேண்டும். முன்பே மூடினால் மேலே சொன்ன அதே சுழல் கிளம்பலாம். சுவிட்சின் இரண்டு மின் உள்ளீடுகளுக்கும் தனித்தனி எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் தரும் மின்வழங்கி) கொடுங்கள். ஒன்றிலிருந்தே இரண்டையும் இழுத்தால் பயனே இல்லை.

கோளாறு வந்தால் சமிக்ஞை தரும், சுவிட்சிலுள்ள எச்சரிக்கை ரிலேவைப் பிஎல்சி உள்ளீட்டில் சேர்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், வளையம் ஒருமுறை அறுந்தாலும் ஆலை வழக்கம்போல் ஓடும், யாருக்கும் தெரியாது. இரண்டாவது கேபிள் அறும்போதுதான் ஒரு பகுதி முழுவதும் துண்டாகும்.