கரண்ட் வைத்த பிறகு

கடந்த ஜனவரியில் மூன்று வார விடுப்பில் லண்டனிலிருந்து மானாமதுரைக்குப் போயிருந்தபோது, அத்தை எந்த விசேஷத்துக்கும் வராமல் வீட்டிலேயே இருந்ததைக் கண்டு, முழங்கால் வலிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக மதுரையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். வெளியிலிருந்து 25 நாள், உள்ளே கருவி வைத்து 3 முறை, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து என எல்லாமே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முறையாக நடந்து முடிந்தன. அதில் எனக்குக் குறையில்லை.

மூன்றாம் நாள் இரவில்தான் வாய் திறந்தார். “வந்தா அடக்க முடியல, ரத்தமும் போகுது. உங்க மாமாகிட்ட இதை எப்படிச் சொல்றது?” உள்ளூர்த் தனியார் மருத்துவர் ஒருவர், பரிசோதிக்காமலேயே மூலம் என்று சொல்லி எட்டு மாதங்களாகக் களிம்பும் மாத்திரையும் கொடுத்து வந்திருக்கிறார். பழைய சிகிச்சைக் கோப்பை அவரும் கேட்கவில்லை. மூலத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தையும் காட்டவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. மலக்குடல் கர்ப்பப்பை வாய்க்கு நேர் பின்னால் இருப்பதால், எவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் கதிர்வீச்சில் ஒரு பங்கு அதன்மீதும் விழுகிறது. சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். ஆனால் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, குடற்சுவரின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபட்டு, அவற்றுக்குப் பதிலாக மேற்பரப்பில் புடைத்தெழும் மெல்லிய குழாய்கள் தொட்டாலே கசியத் தொடங்குகின்றன.

மதுரை அரசு மருத்துவமனை ஒன்றில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். புறநோயாளிப் பிரிவின் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு அலைந்த அந்தப் பத்து நிமிடங்களில் அத்தையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குடல் நோய்களுக்காக வருபவர்கள் நிற்கும் இடம் அது. காலையில் பேருந்து நடத்துநர், காரணம் எதுவும் கேட்காமல், திருப்புவனத்தில் வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “கரண்ட் எப்பம்மா வச்சீங்க?” என்பதுதான். லண்டனில் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்க நேரக்கூடிய கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, மூன்றே நாளில் நடந்தது. புற்றுநோய் திரும்பவில்லை; கசிவுதான். மலக்குடலின் முன்சுவரில் சோதனைக்கென்று சதை எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் பிறப்புறுப்புவரை ஓட்டை விழக்கூடும் என்பதால், எடுக்காமல் விட்டதாகவும் வேறு எங்கு போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் விளக்கினார். ஹீமோகுளோபின் 7.9தான் இருந்தது; இரத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. புண்ணின்மீது படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் மருந்தை ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமாவும் இரும்புச் சத்தும் எழுதிக் கொடுத்து, கசியும் குழாய்களை ஆர்கான் வாயுவின் வழியே மின்சாரம் செலுத்திச் சுட்டு அடைக்கும் சிகிச்சையை, நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, முதல் தடவை செய்தார்கள். இன்னும் ஒன்றிரண்டு தடவை தேவைப்படலாம்.

கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரே ஒரு தாளில் இந்த அறிகுறிகளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால், எட்டு மாதக் களிம்பு மிச்சமாகியிருக்கும். முன்சுவர் பற்றி மருத்துவர் எழுதித் தந்த சீட்டை அத்தை குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார். மாமாவிடம் மட்டும், இரத்தக் குறைவு என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறோம்.