எடை குறைக்க எது நம்மை எழுப்பும்: தேதியா, பயமா, துணையா, படிக்கட்டா?

என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். தெரிந்தும் காலையில் எழ மனம் வருவதில்லை. மும்பை மாட்டுங்காவில் குடியிருக்கும் நான் இந்த ஆறு வருடங்களில் அந்த மனத்துக்காகப் பிடித்த பிடிமானங்கள் பல. எது எவ்வளவு தாங்கியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் தேதி. கும்பகோணத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று மாதத்தில் 78 கிலோவிலிருந்து 72-க்கு வந்தேன். இரவில் ராகிக் கஞ்சி மட்டும், காபியில் சர்க்கரை இல்லை. முகூர்த்தத்தன்று ரவிக்கை சரியாகப் பொருந்தியது. தீபாவளி வருவதற்குள் 77. கல்யாணம் முடிந்ததும் காரணமும் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாப்பிட்ட மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. அது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதத்தைக் குறைத்ததும் முதலில் இறங்குவது அந்தத் தண்ணீர்தான். முதல் வாரம் 2 கிலோ குறைந்தால் மனம் துள்ளும். மூன்றாம் வாரம் முள் அசையாமல் நின்றால் துவண்டுவிடும். நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பயம். ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. அப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததால் அன்றிரவு தூக்கமே இல்லை. தேதியைவிடப் பயம் வேகமாக எழுப்பும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை வலிப்பதில்லையே! இரண்டு வாரத்தில் பயம் பழகிப்போனது. அந்தப் பரிசோதனை காட்டுவதும் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிதான். இன்று சாப்பிட்ட ஜிலேபிக்கு இன்று யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

ஆனாலும் அந்தப் பயம்தான் என்னைப் படிக்க வைத்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2002-ல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 58 சதவீதம் குறைந்ததாம். 77 கிலோவில் 7 சதவீதம் ஐந்தரைக் கிலோகூட இல்லை. என்னை இன்னும் உலுக்கியது 2006-ல் வெளியான சென்னை ஆய்வு. நம்மைப் போன்றவர்களிடம் நடத்தியது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அதாவது, தராசு பேசாமல் இருக்கிற நாளிலும் உள்ளே ஏதோ நல்லது நடக்கலாம். அந்த வரியைப் படித்த பிறகு என் பயம் நம்பிக்கையாக மாறியது. தராசைப் பரணில் ஏற்றிவிட்டு அளவுநாடாவை வெளியே எடுத்தேன். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பணம் கட்டினால் மனம் வரும் என்று ஜிம்மில் ஒரு வருடச் சந்தா கட்டினேன். பணம் போனது கட்டிய அன்று மட்டும்தான் உறுத்தியது.

துணை வேறு மாதிரி. காலை 5.50-க்கு எதிர்வீட்டு அக்கா வாசல் மணியை அடிப்பார். "வாம்மா, நான் கீழே நிக்கறேன்" என்று படியிறங்கிவிடுவார். ஒருத்தர் கீழே காத்துக்கொண்டு நிற்கும்போது எப்படிப் படுத்துக் கிடப்பது? ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி வருவதற்குள் அவர் வீட்டுக் கதை, என் வீட்டுக் கதை எல்லாம் முடிந்துவிடும். ஜூலை மழையிலும் குடையோடு நடந்திருக்கிறோம். தேதி ஒருமுறை வந்து போகும். துணை தினமும் புதிதாக வரும். ஆனால் அவர் தன் மகளின் பிரசவத்துக்காகக் கோவை போன ஐந்து வாரம் நான் ஒரு நாள்கூட இறங்கவில்லை. அந்த மனம் அவருடையது, என்னுடையது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

என்னுடையதாக அமைந்தது மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டு. ஸ்லோ லோக்கல் ரயிலைப் பிடிக்க தினமும் மேம்பாலம் ஏற வேண்டும். பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றால் பின்னாலிருந்து "சலோ, சலோ" என்ற குரல் வரும். கண் மங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை நிற்காமல் ஏற வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். தினமும் பரீட்சை, தினமும் முடிவு. ஏழாவது வாரம் ஒரு காலையில் கைப்பிடியைத் தொடாமல் மேலே வந்து நின்றேன். வண்டி வரும் சத்தம் கேட்டது, எனக்கு மூச்சு வாங்கவில்லை. அன்று கிடைத்த சந்தோஷத்தைக் கல்யாண ரவிக்கை தரவில்லை. தொடங்குவதற்குப் பயம் போதும். நீடிக்க, தினமும் நம் உடம்பே பதில் சொல்லும் ஒன்று வேண்டும் என்பது என் துணிபு. உங்களுக்கு அது பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதாக இருக்கலாம், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை உட்காராமல் முடிப்பதாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் படிக்கட்டு கைகொடுக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு ஆபீஸ் வாசலில் வடா பாவ் மணக்கும்போது எந்த லட்சியமும் நினைவுக்கு வராது. அங்கே மனத்தை நம்புவதைவிட ஏற்பாட்டை நம்புவது மேல். வீடு திரும்பும்போதே பாஜி கல்லி என்கிற காய்கறிச் சந்தில் முருங்கைக்காயோ வாழைப்பூவோ வாங்கிவிடுகிறேன். இரவு டிவி பார்த்துக்கொண்டே ஆய்ந்து வைத்தால் காலையில் பொரியல் பத்து நிமிடம். டப்பாவில் முதலில் பொரியலை வைத்து, மீதி இடத்துக்குத்தான் சாதம். நான்கு மணிக்கென்று தனியாக ஒரு கிண்ணம் சுண்டல். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாதத்தைச் சட்டென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடலாம்.

எதிர்வீட்டு அக்கா போன வாரம் பேரக்குழந்தை போட்டோக்களோடு திரும்பி வந்துவிட்டார். மறுநாள் 5.50-க்கு மணி அடிக்கப் போனவள் நான்தான்.