வாடகைக்கு வரும் கூடைப்பந்துக் கடிகாரம்: 14க்கு நல்லது, தொடக்கம் மந்தம்

திருகோணமலையில் சுற்றுப்போட்டிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கும் இந்தக் கடிகாரத்தில், பந்து வைத்திருக்கும் அணி வளையத்துக்கு எறிய உள்ள 24 செக்கன், 14 செக்கன் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது. அதற்காகவே எடுக்கலாம். பந்து வளையத்தில் பட்டு, எறிந்த அணியே திரும்பப் பிடித்தால் 14தான். ஒற்றைப் பொத்தான் என்றால் மேசையில் இருப்பவர் பழக்கத்தில் 24 போட்டுவிடுவார்.

குறை, தொடக்கப் பொத்தான். அழுத்தி அரைச் செக்கன் கழித்தே எண் ஓடுகிறது. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய உள்ள 5 செக்கனை நடுவர் கையை வீசி எண்ணுவார். பந்து எறிபவரிடம் சேர்ந்ததும் அந்த எண்ணிக்கை தொடங்கும். ஆட்டக் கடிகாரமோ உள்ளே நிற்பவர் பந்தைத் தொட்ட பிறகுதான் ஓட வேண்டும். 0.3 செக்கன் மீதமிருந்தால் பிடித்து எறியலாம், 0.2 என்றால் தட்டிவிடவோ நேரே வளையத்துள் திணிக்கவோ மட்டும்தான். அந்த இடத்தில் அரைச் செக்கன் தாமதம் ஆட்டத்தையே மாற்றிவிடும்.

கடற்கரைப் பக்கம் வைத்தால் வயர் முனைகளில் உப்பு படியும். ஆட்டத்துக்கு முன் உலர்ந்த துணியால் துடையுங்கள்.