மலிவான மடக்குக் கத்தி: எதற்குக் காசு கொடுக்கிறோம்? ஓபினெல், ஹிகோனோகாமி, ஒரு எலும்புப்பிடிக் கத்தி – சில வருட அனுபவம்

விலை குறைந்த மடக்குக் கத்தி கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். திறந்து, மூடி, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடாவிட்டால் தரம், ஆடினால் மட்டம். பிறகு பிடியில் எங்காவது இடைவெளி தெரிகிறதா, பாலிஷ் பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பரீட்சையில் என்னிடம் இருப்பவற்றில் முதல் மதிப்பெண் வாங்கியது ஒரு எலும்புப்பிடிக் கத்தி. அது இப்போது மேசை இழுப்பறையில் செலோடேப் வெட்டிக்கொண்டு கிடக்கிறது. தினமும் பையில் என்னோடு வருவது, மரப்பிடியும் எஃகு வளையமும் தவிர பார்க்க எதுவுமில்லாத ஓபினெல் நம்பர் 8.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்ததில் எனக்குக் கிடைத்த கேள்வி இதுதான்: இந்தக் கத்தியின் விலையை எங்கே குறைத்தார்கள்? குறைக்க இரண்டு வழிதான். கத்தியில் இருக்கும் பாகங்களையே குறைக்கலாம். இல்லையென்றால் விலையுயர்ந்த கத்தியின் எல்லாப் பாகங்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் செலவாகும் உழைப்பைக் குறைக்கலாம். முதல் வழியில் செய்த கத்தி முதல் நாள் ஏமாற்றம் தரும், போகப் போகப் பிடித்துப்போகும். இரண்டாவது வழியில் செய்தது பெரும்பாலும் தலைகீழ்.

ஓபினெல் முதல் வழி. பிரான்சின் சாவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஓபினெல் உருவாக்கியது. விவசாயிகள், ஆடுமாடு மேய்ப்பவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கத்தி. அலகு, மரப்பிடி, ஆணி, பிடியின் தலையைச் சுற்றி ஒரு உலோகக் கழுத்து, அலகைப் பூட்ட அதன் மேல் சுழலும் வளையம். மொத்தம் ஐந்தே பாகம். அந்த வளையமும் 1955-ல் மார்செல் ஓபினெல் சேர்த்ததுதான். ஸ்பிரிங் கிடையாது. பிடிக்குள் உலோகத் தகடு கிடையாது. பிரான்சில் 15 யூரோவை ஒட்டி விற்கிறது என்றால் காரணம், செய்ய வேண்டிய வேலையே குறைவு. மிச்சமான காசு அலகில் இருக்கிறது.

அந்த அலகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 8.5 செ.மீ. நீளம், முதுகுப்புறமே 2 மி.மீ.க்கும் குறைவு. முதுகிலிருந்து கூர்வரை லேசான புடைப்போடு இளைத்துக்கொண்டே போகும். நான் வைத்திருப்பது கார்பன் எஃகு, எக்ஸ்.சி.90 என்பார்கள், சுமார் 0.9 சதவீதம் கார்பன். ஒரு கேரட்டை எடுத்து நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். மெல்லிய அலகு சத்தமில்லாமல் கடைசிவரை இறங்கும். தடித்த அலகு பாதி தூரம் போனதும் ‘டக்’கென்று கேரட் பிளந்து துண்டு தெறிக்கும். பிளந்தால் கத்தி வெட்டவில்லை, ஆப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். கூர் எவ்வளவு தீட்டியிருந்தாலும் இதை மறைக்க முடியாது. காகிதம் வெட்டிக் காட்டும் வீடியோக்களில் இது தெரியவே தெரியாது, காகிதத்துக்குத் தடிமன் இல்லையே.

என் எலும்புப்பிடிக் கத்தி இந்தச் சோதனையில்தான் மாட்டியது. யார் செய்தது என்பது இங்கே முக்கியமில்லை. அமெரிக்கப் பாரம்பரிய வடிவம்: பித்தளைத் தகடுகள், இரண்டு பக்கமும் செதுக்கிய எலும்பு, முனைகளில் வெள்ளை உலோக மூடிகள், பின்னால் அலகை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங். இந்த வடிவத்தை ஒழுங்காகச் செய்வது கைவேலை. திறந்த நிலை, பாதி திறந்த நிலை, மூடிய நிலை, மூன்றிலும் ஸ்பிரிங் பிடியின் முதுகோடு விரலுக்குத் தட்டாமல் சமமாக நிற்க வேண்டும். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கேஸ் கம்பெனி செய்யும் கத்திகளுக்கு விலை அதிகம் என்றால், இந்த வேலைக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அதையே மிகக் குறைந்த விலையில் தரும்போது எதில் கை வைப்பார்கள்? கண்ணுக்குத் தெரியும் எலும்பிலும் பாலிஷிலும் வைக்க முடியாது, படத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறோம். அலகை இளைத்துத் தீட்டுவதிலும், எஃகைக் காய்ச்சிப் பதம் போடுவதிலும் வைப்பார்கள்.

என் கத்தியில் இரண்டுமே நடந்திருந்தது. கூருக்குச் சற்று மேலே அளந்தால் ஒரு மில்லிமீட்டர் தடிமன். கொய்யாக்காயை வெட்டினால் பிளக்கும். சொரசொரப்பான கல்லில் உட்கார்ந்து இளைத்துச் சரிசெய்தேன், வெட்டவும் செய்தது. ஆனால் மாடியில் பந்தல் கட்டும் தேங்காய்க் கயிற்றை நாலு இடத்தில் அறுத்ததும் கூர் ஒரு பக்கமாக மடிந்துவிட்டது; நகத்தை உரசினால் தட்டும். தடிமனைக் கல்லில் சரிசெய்துவிடலாம், பதத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது. இன்னொரு குறை: மூடும்போது ஸ்பிரிங் இழுத்த வேகத்தில் விட்டால் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறது. கூரின் நடுவில் ஒரு இடம் மட்டும் அடிக்கடி மொக்கையானால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலால் பிடித்து மெல்ல மூடினால் தப்பிக்கலாம்.

குறைந்த விலையில் வரும் சீனத் தயாரிப்பு என்றாலே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டென்னசியில் இருக்கும் பெரிய கத்திக்கடை ஒன்று சீனாவில் செய்து விற்கும் ரஃப் ரைடர் வரிசைக்கு, கொடுத்த காசுக்கு மேல் தருகிறது என்ற பெயர் உண்டு. 440ஏ எஃகு, பெரிய விசேஷமில்லை, துருப்பிடிக்காது. இந்த வடிவம்தான் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஓபினெலுக்கு வருகிறேன். அதன் எளிமைக்கு ஒரு விலை உண்டு, அது மரத்தின் குணம். பீச் மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பினால் அலகைக் கவ்விக்கொள்ளும். இது சென்னை மழைக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை, சாவோய்க்காரர்களே இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். நான் திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தட்டு அன்றாடம். நிரந்தரமாகச் செய்யக்கூடியது, உப்புத்தாளை மடித்துப் பிடியின் பள்ளத்துக்குள் விட்டு ஆணி இருக்கும் இடத்துக்கு அருகில் லேசாகத் தேய்ப்பது. பிறகு பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) பூசி நாலைந்து நாள் காயவிடுவது. மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், வெட்டிச் சாப்பிடுகிற கத்தி என்பதால் அதுவே நல்லது.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும். கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் வெட்ட வெட்ட அலகு முதலில் நீலம், பிறகு சாம்பல், கடைசியில் ஏறக்குறைய கறுப்பு என்று நிறம் மாறும். அந்தக் கறுப்பு ஏறிய பிறகு செந்துரு வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிறம் ஏறும்வரை வெட்டிய பழத்தில் இரும்பு வாசம் வரும், அதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மற்றவர்களும் கத்தியை எடுப்பார்கள், கழுவிவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள் என்றால் பேசாமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அதுவும் நல்ல ஸ்வீடன் எஃகுதான், வெட்டுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஜப்பானின் ஹிகோனோகாமி இன்னும் ஒரு படி மேல்: நான்கே பாகம்தான். மடித்த பித்தளைத் தகடு பிடி, அலகு, ஆணி, வாஷர். பூட்டும் கிடையாது, அலகின் பின்னால் நீளும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை கத்தி மூடாது. 1890-களில் ஹியோகோ மாகாணத்தின் மிக்கி நகரில் பிறந்தது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த கத்தி. 1960-ல் அரசியல் தலைவர் இனேஜிரோ அசனுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்று எழுந்த இயக்கத்தில் இதன் விற்பனை படுத்துவிட்டது. அவரைக் குத்தியது குட்டை வாள், பழி பென்சில் கத்தி மேல் விழுந்தது. இன்று அந்த வணிகப் பெயரில் செய்வது நாகாவோ குடும்பத்தின் பட்டறை மட்டும்.

என்னிடம் இருப்பது ‘நீலக் காகிதம்’ என்று ஜப்பானில் பெயர் பெற்ற கடினமான கார்பன் எஃகை நடுவில் வைத்து, இரு பக்கமும் மென்மையான இரும்பு சேர்த்து அடித்தது. ஓபினெலைவிட நிச்சயம் கடினம்; கூர் நீண்ட நாள் நிற்கிறது, கல்லில் தீட்டும்போது வெளிப்பக்க இரும்பு சட்டென்று தேய்ந்துகொடுப்பதால் அலுப்பும் இல்லை. ஆனால் முதுகு ஏறக்குறைய 3 மி.மீ. கேரட் பிளக்கும். மாம்பழம் நறுக்க இது சரிப்படாது. பென்சில், மூங்கில், ஒட்டுப்போடும் கிளை என்று சீவுகிற வேலைகளுக்கு இதற்கு இணை என்னிடம் வேறில்லை. ஆணி தளர்ந்தால் கெட்டியான இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். பித்தளைப் பிடி கறுத்தால் குத்துவிளக்குக்குப் போடும் புளியே போதும். புளி அலகில் பட்டால் அங்கே உடனே கறுக்கும், எனவே துணியில் தொட்டுத் தேய்க்கவும்.

தீட்டுவதற்கு ஆயிரம் நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று, பழைய தோல் பெல்ட் ஒன்று. தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இவ்வளவு மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் பொறி பறக்கும்போது கூர் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். கல் இல்லாதவர்கள் பீங்கான் குவளையின் அடியில் இருக்கும் மெருகில்லாத வளையத்தில் இரண்டு பக்கமும் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய வேலைக்கு ஆகும்.

விலையைப் பற்றி: இறக்குமதி வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து ஓபினெல் இங்கே பிரான்ஸ் விலையில் கிடைக்காது. அப்படியும் அந்த விலைக்கு இவ்வளவு நன்றாக வெட்டும் மடக்குக் கத்தி எனக்குக் கிடைத்ததில்லை. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க மட்டும் என்றால் அரை சென்டிமீட்டர் சின்னதான நம்பர் 7 போதும், நம் சட்டைப்பைக்கும் அடங்கும். ஆயுத விதிகளில் கத்திக்கான வரம்பு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல் என்பதால் இவை எதுவும் அதன் கிட்டே வராது. மெட்ரோ ஸ்கேனருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ரயிலேறும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.