கே.எல். ஆஸ்பத்திரி அனுபவம்: தம்பி பையனோட மூளைத்தண்டு கட்டி

தம்பி பையனுக்கு மூளைத்தண்டுல கட்டின்னு எம்ஆர்ஐல தெரிஞ்சதும் ஆஸ்திரேலியா பெர்த்துல வேலையில லீவு சொல்லிட்டு கே.எல்., அதான் கோலாலம்பூருக்கு ஓடிட்டேன். ஊருக்குப் போனா கல்யாணம், பத்துமலை, பிரிக்ஃபீல்ட்ஸ்ல சேலைன்னு சுத்துற ஆளு நான், கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பக்கம் எட்டிக்கூட பாத்ததில்ல, இந்த தடவை முக்காவாசி நேரம் அங்கதான். திரும்பி வந்ததுலருந்து இங்க உள்ள நம்ம ஆளுங்க எல்லாரும் மலேசியாவுல இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா, சிங்கப்பூர் கொண்டு போயிருக்கலாமேன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

பையனுக்கு ஏழு வயசு, தமிழ்ப்பள்ளியில முதலாம் ஆண்டு. மொதல்ல ஒரு கண்ணு உள்பக்கமா திரும்புச்சு. ஒரு தனியார் கண் கிளினிக்ல பாத்துட்டு கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க, பில்லு மட்டும் நல்லா போட்டாங்க. அப்புறம் டீச்சர்தான் தம்பியைக் கூப்பிட்டு, ஐயா பையன் படியில ஏறும்போது ஒரு பக்கமா சாயுறான், சிரிச்சா வாய் கோணுது, கொஞ்சம் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த டீச்சருக்கு எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு. மூளைத்தண்டோட நடுப்பகுதிய பான்ஸ்னு சொல்றாங்க, கண்ணைத் திருப்புற நரம்பு, முகத்து நரம்பு எல்லாம் அங்கருந்துதான் கெளம்புது, கை கால் நடத்துற வழியும் அதுக்குள்ளதான் போகுது, அதனால அங்க கட்டி வந்தா சில வாரத்துலயே எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா காட்டும். பிள்ளைக்கு திடீர்னு மாறுகண், கூடவே முகக் கோணல், தள்ளாட்டம், தண்ணி குடிச்சா பொரையேறுதுன்னா கண்ணாடிக் கடையோட நிக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

எம்ஆர்ஐக்கு மொதல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க, டெபாசிட் கட்டுனாதான் அட்மிட், இன்சூரன்ஸ்காரங்க பணம் கட்டுறோம்னு தர்ற ஜிஎல் கடிதம் வர லேட் ஆகும்னு சொல்லி அரை நாள் உக்கார வச்சிட்டாங்க. தம்பி கடுப்பாகி பையனைத் தூக்கிட்டு கவர்மெண்ட் எமர்ஜென்சிக்குப் போயிட்டான், அங்க டாக்டர் நடக்க விட்டுப் பாத்தாரு, கண்ணுக்கு டார்ச் அடிச்சாரு, அன்னிக்கே வார்டுல போட்டுட்டாங்க, எம்ஆர்ஐயும் சீக்கிரமே கெடைச்சிருச்சு. குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்ட்னா அஞ்சு வெள்ளி, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா குடியுரிமை இல்லாதவங்களுக்கு ரேட்டே வேற, அதனால பிள்ளையோட மைகிட் (அடையாள அட்டை), சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) ரெண்டையும் ஃபைல்ல போட்டு கையிலயே வச்சிருங்க, ஒவ்வொரு கவுண்டர்லயும் கேப்பாங்க. கார் பார்க்கிங் பத்தி பேசாம இருக்கறதே நல்லது. 2023லருந்து எம்ஆர்டி புத்ராஜெயா லைன்ல ஹாஸ்பிடல் கோலாலம்பூர்னே ஸ்டேஷன் இருக்கு, எச்கேஎல்னு சொல்ற கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பக்கத்துல உள்ள துங்கு அசிசா பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்கும் அதுல வந்துடலாம், நான் அப்படித்தான் வந்து போனேன்.

இப்ப நோயைப் பத்தி. மூளைத்தண்டு கட்டின்னு கேட்டதும் எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுடக் கூடாது. டெக்டம்னு மேல் பக்கம் வர்றது ரொம்ப மெதுவா வளரும், பல பிள்ளைங்களுக்கு மூளையில தண்ணி சேராம வழி பண்ணிட்டு சும்மா ஸ்கேன் பாத்துக்கிட்டு இருந்தாலே போதும். பின்பக்கமா வெளிய தள்ளிக்கிட்டு வளர்ற வகையை ஆபரேஷன்ல பெரும்பாலும் எடுத்துட முடியும். சிலதுல பிராஃப்னு ஒரு ஜீன் மாற்றம் இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு. ஆனா அதிகமா வர்றது டிஐபிஜின்னு சொல்ற கெட்ட வகை, பான்ஸ் முழுக்க பரவி நல்ல செல்லோட செல்லா கலந்து கெடக்கும், கத்தி வைக்க எடமே இல்ல. 2021லருந்து உலக சுகாதார நிறுவனம் இந்த வகையில பெரும்பாலானதை எச்3 கே27ங்கற ஜீன் மாற்றம் உள்ள டிஃப்யூஸ் மிட்லைன் க்ளியோமான்னு வகைப்படுத்துது. எங்க பையனுக்கு இதுதான். பிள்ளைங்க உயிரோட இருக்கறது சராசரியா ஒரு வருஷத்துக்கும் கொறைவு, ரெண்டு வருஷம் தாண்டுறது பத்துல ஒரு பிள்ளை. டாக்டரம்மா இதை மறைக்காம, தம்பியையும் தம்பி பொண்டாட்டியையும் தனி ரூம்ல உக்கார வச்சு, ஃபோனை சைலண்ட்ல போட்டுட்டு, ஸ்கேனைக் காட்டிப் பொறுமையா சொன்னாங்க. சொல்லி முடிச்சதும் எழுந்து போகல, அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தாங்க.

வைத்தியம்னா ரேடியேஷன்தான். வழக்கமா மொத்தம் 54 கிரே (ரேடியேஷனை அளக்குற அலகு), வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம். நிலாவுல கால் வச்ச நீல் ஆம்ஸ்ட்ராங்கோட மக 1962ல செத்தது இதே கட்டியிலதான், அந்தப் பிள்ளைக்கும் ரேடியேஷன் கொடுத்தாங்க, இன்னிக்கும் அதுக்கு மேல ஆயுளை நீட்டும்னு நிரூபிச்ச மருந்து ஒண்ணும் வரல, கீமோ சேத்துப் பாத்தும் பலன் காணல. ஆனா ரேடியேஷனோட பலனைக் கண்ணால பாத்தேன். ஆரம்பிக்கும்போது தூக்கிக்கிட்டு போன பையன், பாதியில சுவத்தப் புடிச்சு நடந்தான், கடைசி வாரம் லிஃப்ட் பட்டனை அமுக்க எனக்கு முன்னாடி ஓடுனான்.

தலை அசையாம இருக்க முகமூடி ஒண்ணு செய்வாங்க. வலை மாதிரி பிளாஸ்டிக், சுடுதண்ணியில போட்டா தொவண்டுடும், அதை எடுத்து மூஞ்சி மேல இழுத்து அமுக்குனா கொஞ்ச நேரத்துல அப்படியே கெட்டியாயிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு தினமும் மயக்க மருந்து, அதுக்காக காலையில பட்டினி. எங்க பையன் மயக்கம் வேணாம்னுட்டான், அத்தை நான் ஆடாம இருப்பேன்னு சொன்னான். ரேடியோகிராஃபர் ஒரு மலாய்ப் பொண்ணு, மைக்குல அடேக் ஜாங்கான் கெராக், தம்பி ஆடாதேன்னு சொல்லிட்டு அவன் கேட்ட சாமி பாட்டைப் போட்டு விடும், நாங்க வெளிய டிவியில அவன் கால் கட்டைவெரல் தாளம் போடுறதைப் பாத்துக்கிட்டு நிப்போம்.

டெக்ஸான்னு ஒரு ஸ்டீராய்டு கொடுப்பாங்க, வீக்கத்தைக் கொறைக்க. அது இல்லாம முடியாது, ஆனா வீட்டையே ஆட்டி வச்சிடும். மூஞ்சி உப்பிடும், ராத்திரி தூக்கம் கெடையாது, பசின்னா அப்படி ஒரு பசி. விடியக்காலம் மூணு மணிக்கு மேகி கோரிங் (வறுத்த மேகி) வேணும்னு கத்துவான், தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு ராத்திரியும் தொறந்திருக்கிற மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவான், தாப்பாவ், அதான் பார்சல் பண்ணி கொண்டாந்து பிரிக்கறதுக்குள்ள ரொட்டி சானாய் வேணும்பான். அவன் கொணம் மாறிட்டான்னு தம்பி பொண்டாட்டி ஒடஞ்சு போயிட்டா. மாமி, இது மருந்து பேசுற பேச்சு, டோஸ் கொறைஞ்சா போயிடும்னு மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தங்க சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்துச்சு.

சொந்தக்காரங்க விஷயத்துக்கு வருவோம். வந்து பாத்தவங்க எல்லாம் ஆளுக்கொரு ஊர் சொன்னாங்க. பெரியப்பா சென்னை அப்போலோவுல புரோட்டான்னு ஒரு வகை ரேடியேஷனுக்குத்தான் போகணும்னு ஒரே புடி, வேற சில கட்டிக்கு புரோட்டான் நல்லதுதான், டிஐபிஜிக்கு அதுனால ஆயுள் கூடுதுன்னு ஆதாரம் இல்ல, ரேடியேஷன் தேதியைத் தள்ளிப் போட்டு பிளேன் ஏறுறதுல நஷ்டம்தான். இன்னொருத்தரு ஃபோன்ல ஒரு வெளிநாட்டு கிளினிக் அனுப்புனாரு, ரத்தக் குழாய் வழியா மருந்து விடுவாங்களாம், கேட்ட காசுக்கு தம்பி வீட்டையே வித்தாகணும், எத்தனை பிள்ளை பொழச்சுதுன்னு டாக்டருங்க பாக்குற மாதிரி ஒரு கணக்கும் இல்ல. அங்க போகலைன்னு சொன்னதுக்கு பிள்ளை மேல பாசம் இல்லையான்னு கேட்டாங்க பாருங்க, அந்த வாயை என்ன சொல்றது.

புது மருந்தும் இருக்கு, இல்லாம இல்ல. டோர்டாவிப்ரோன், வாரம் ஒரு தடவை சாப்புடற மாத்திரை, எச்3 கே27எம் மாற்றம் உள்ள கட்டி வைத்தியத்துக்கு அப்புறம் திரும்ப வளந்தவங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. ஆனா அந்த அனுமதிக்கு எடுத்துக்கிட்ட 50 பேர்ல டிஐபிஜி உள்ளவங்களைச் சேக்கவே இல்ல, மத்த எடத்து கட்டிதான், அதுலயும் 22 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்குச்சு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல கார்-டி செல், அதாவது நோயாளியோட எதிர்ப்பு செல்லையே மாத்தி கட்டியைத் தாக்க விடுற ஆராய்ச்சி நடக்குது, சில பிள்ளைங்களுக்கு கட்டி நல்லாவே சுருங்கியிருக்கு, இன்னும் சோதனைதான். ஸ்கேனை வேற டாக்டருக்கு அனுப்பி செகண்ட் ஒப்பினியன் வாங்குங்க, எந்த வகைன்னு ரெண்டு பேர் சொல்லட்டும், பயாப்சி (கட்டியில துளி எடுத்துப் பாக்குறது) எடுக்கலாமான்னும் கேளுங்க, அதுக்கு பிளேன் டிக்கெட் வேணாம்.

இந்தப் பயணத்துல நான் எதிர்பாக்காதது ஹாஸ்பிஸ் மலேசியா, தீராத நோய் உள்ளவங்களோட வலி, தொந்தரவைக் கொறைக்க உதவுற அமைப்பு. 1991லருந்து இருக்காங்க, கிள்ளான் பள்ளத்தாக்குல வீட்டுக்கே வர்றாங்க, காசு வாங்கறதில்ல. ஹாஸ்பிஸ்னு சொன்னதும் அம்மா, இப்பவே எதுக்குடி அந்தப் பேச்சுன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. வந்த நர்ஸ் சாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மலச்சிக்கலுக்கு என்ன கொடுக்கறீங்கன்னு கேட்டாங்க, தண்ணியை எப்படி கெட்டியாக்கிக் குடுத்தா பொரையேறாதுன்னு கரண்டி வச்சு காட்டுனாங்க, ராத்திரி ஃபிட்ஸ் வந்தா எந்த மருந்தை எப்படி வைக்கணும், யாருக்கு ஃபோன் அடிக்கணும்னு ஒரு தாள்ல எழுதி ஃபிரிட்ஜுல ஒட்டிட்டாங்க. அம்மாவே அடுத்த தடவை அவங்களுக்கு தோசை ஊத்தி வச்சிருந்தாங்க. கடைசி நேரத்துல கூப்பிடுற ஆளுங்கன்னு நெனைக்காதீங்க, ரேடியேஷன் நடக்கும்போதே டாக்டர்கிட்ட கேட்டு ரெஃபர் பண்ண வச்சிடுங்க, பையன் நல்லா இருக்கும்போதே அவங்களுக்கு அவனைத் தெரிஞ்சிருக்கணும்.

உதவிப் பணத்துக்கு மக்னான்னு புற்றுநோய்க்கான தொண்டு அமைப்பு இருக்கு, ஃபாரம் வார்டு சோஷியல் வொர்க்கர்கிட்ட கேளுங்க, ஓகேயூ (மாற்றுத்திறனாளி) கார்டுக்கும் அவங்களே வழி சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள பள்ளிக்கூடம் நடக்குது, செகோலா டாலாம் ஹாஸ்பிடல்னு 2011லருந்து. பையன் இப்ப வாரத்துல சில நாள் பழைய பள்ளிக்கே போறான், அரை நாள்தான். ரேடியேஷன் முடிஞ்சு எடுத்த ஸ்கேன்ல கட்டி கொறைஞ்சிருக்கு, திரும்ப வளரும்னு எல்லாருக்கும் தெரியும், வளந்தா இன்னொரு சின்ன ரவுண்டு ரேடியேஷன் கொடுக்க முடியுமான்னு அப்ப பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பள்ளி விடுமுறைக்கு நான் மறுபடியும் டிக்கெட் போட்டாச்சு.