22-7423: அமெரிக்கச் சட்டத்தொகுப்புத் தளத்தில் ஒரு தேடல்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சட்டத்தொகுப்புத் தளம் (யூஎஸ்கோட் டாட் ஹவுஸ் டாட் கவ்) இலவசம். கணக்கு தொடங்க வேண்டாம், விளம்பரத் தொல்லையும் இல்லை. அதன் தரத்தைச் சோதிக்க 2002 ஆகஸ்ட் 2-ல் கையெழுத்தான படைவீரர் பாதுகாப்புச் சட்டம் நல்ல உரைகல். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ஆட்கள் அமெரிக்க மண்ணில் விசாரணை நடத்தக் கூடாது என்பது இதில்தான் வருகிறது.

அந்தத் தடையைப் பார்க்க, டைட்டில் (தலைப்பு) பெட்டியில் 22, செக்‌ஷன் பெட்டியில் 7423. பக்கம் உடனே திறக்கும். ஆனால் கட்டுரைகளில் பெரும்பாலும் ‘பிரிவு 2004’ என்றே இருக்கும். அது மூலச் சட்டத்தின் எண். அதை அப்படியே பெட்டியில் போட்டால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். மூல எண்ணோடு 5419-ஐக் கூட்டினால் தொகுப்பு எண் கிடைக்கும்: 2004 என்றால் 7423, படைபலம் உட்பட எதையும் பயன்படுத்தி, அந்த நீதிமன்றம் பிடித்துவைத்த தம் வீரரை மீட்கலாம் என்று பொருள்படுவதால் ‘ஹேக் படையெடுப்புச் சட்டம்’ எனக் கேலிப்பெயர் வாங்கித்தந்த 2008 என்றால் 7427. கடைசிப் பிரிவான 2015-க்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது, அது 7433.

விசாரணைத் தடை உட்பிரிவு ‘எச்’-ல், சட்ட உரையின் கடைசியில். அதோடு ‘ஏ’-வையும் படியுங்கள்: ஐ.நா. பாதுகாப்பு அவை அமைக்கும் தனித் தீர்ப்பாயங்களுக்குத் தடை பொருந்தாது. பலர் தவறவிடும் இடம் இது.

தளத்தின் உண்மையான பலம் உரைக்குக் கீழே உள்ள திருத்தக் குறிப்புகள். உக்ரைன் வழக்குகளில் வெளிநாட்டவர் மீதான விசாரணைக்கு 2022 டிசம்பரில் வழி திறந்ததை அங்கே பார்க்கலாம். நீதிமன்றத்தில் சேர்ந்த நாடுகளுக்கு ராணுவ உதவியை நிறுத்திய 7426-ஆம் பிரிவு 2008-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பழைய பிரதியை வைத்து எழுதுபவர்கள் இன்னும் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு குறைகள். 22-ஆம் தலைப்பு நேரடியாகச் சட்டமாக இயற்றப்பட்டதல்ல. சொல்லில் முரண் வந்தால் ஸ்டாட்யூட்ஸ் அட் லார்ஜில் (சட்டங்களை நிறைவேறிய வடிவிலேயே தரும் அதிகாரபூர்வத் தொகுதி) உள்ள மூல உரையே செல்லும். தொகுப்பாசிரியர்கள் ‘இந்தத் தலைப்பு’ என்ற சொல்லை ‘இந்த உட்பாகம்’ என்று மாற்றியிருப்பார்கள், ஆகவே மேற்கோள் காட்டுபவர்கள் இந்தச் சட்டம் அடங்கிய பொதுச் சட்டம் 107-206-ஐத் திறந்து ஒப்பிட வேண்டும்.

மற்றது, அதிபரின் நிர்வாக ஆணைகள். நீதிமன்ற அதிகாரிகளின் சொத்தை முடக்கி, நாட்டுக்குள் நுழைவதையும் தடுக்கும் 2025 பிப்ரவரியின் 14203-ஆம் ஆணை 7423-இன் பக்கத்தில் கிடைக்காது. அதன் அடிப்படை அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். ஆகவே 50-ஆம் தலைப்பு, பிரிவு 1701-இன் குறிப்புகளுக்குப் போக வேண்டும். அந்தக் குறிப்புகள் முடிவில்லாமல் நீளும். உருட்டிக்கொண்டிருக்காமல் உலாவியின் தேடலில் ஆணை எண்ணைத் தட்டுங்கள்.