அம்மாவின் மூக்கோரத்து மச்சமும் சுங்கை சிப்புட்டில் ஆறு வாரமும்

மெல்பர்னிலிருந்து பொங்கலுக்கு நாலு வார லீவில் மலேசியாவில் இருக்கிற எங்கள் ஊர் சுங்கை சிப்புட் போனேன், ஆறு வாரம் கழித்துத்தான் திரும்பினேன். அந்த ரெண்டு வாரம் ஏன் கூடியது என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கிற நம்மில் நிறைய பேருடைய அம்மா அப்பா இதே மாதிரி ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்து, இப்போது டவுன் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார்கள், அவர்கள் முகத்தை நாம் போன் திரையில்தான் பார்க்கிறோம்.

போய் இறங்கிய மறுநாள் காலை அம்மா பின்கட்டுக் குழாயில் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்தார். துண்டில் ஒரு சொட்டு ரத்தம். இடது பக்கம், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில், பாசிப்பயறு அளவுக்கு ஒரு கறுப்பு. வீடியோ காலில் ரெண்டு வருஷமாகப் பார்த்த அதே மச்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வேறு மாதிரித் தெரிந்தது. நடுவில் லேசான குழி, குழியில் காய்ந்த பொருக்கு, சுற்றி ஓரம் மட்டும் பாசிமணி கோத்தது போல ஒரு மினுமினுப்பு. கேட்டதற்கு, "மருடா அது, கீறிட்டா ரத்தம் வரும், அப்புறம் காஞ்சிடும்" என்றார். பவுடர் போட்டு மறைத்திருக்கிறார், எனக்குத் தெரியக் கூடாது என்று இல்லை, கோயிலுக்குப் போகும்போது நாலு பேர் கேட்கிறார்களாம்.

நான் இருக்கிற ஊரில் தோல் புற்றுநோய் என்பது பேச்சுவழக்கு. எழுபது வயதுக்குள் மூன்றில் ரெண்டு ஆஸ்திரேலியருக்கு ஏதாவது ஒரு வகை வந்துவிடும் என்று சொல்வார்கள், என் சூப்பர்வைசருக்கே மூக்கில் வெட்டி எடுத்தார்கள். ஆனால் அங்கே ஒட்டியிருக்கிற படமெல்லாம் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாக, முத்து மாதிரிப் பளபளப்பாக இருக்கும். நம் தோலில் அதே நோய் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும், அதனால் மச்சம் என்றோ மரு என்றோ நினைத்து விட்டுவிடுகிறோம். ரெண்டு வருஷம் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தவன் நான், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, அம்மா சும்மா இருந்தாரா என்றால் இல்லை. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை காட்டியிருக்கிறார், மூன்று தடவையும் கிரீம். லைட் போட்டுப் பார்த்ததில்லை, தொட்டுப் பார்த்ததில்லை, ஒவ்வொரு தடவையும் அறுபது வெள்ளி (ரிங்கிட்). இன்னொரு இடத்தில் லேசரில் சுட்டு எடுத்துவிடலாம், 250 வெள்ளி, பத்து நிமிஷ வேலை என்றிருக்கிறார்கள். சுட்ட பிறகு எதை டெஸ்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எனக்குக் கோபம் வந்தது இதில்தான். ரத்தம் கசிகிற, ஆறாத ஒரு கறுப்பை என்னவென்று தெரியாமல் சுட்டுவிட்டால் மேலே ஆறிவிடும், உள்ளே இருப்பது இருந்துகொண்டே இருக்கும். நல்ல வேளையாக அம்மா அந்த 250 வெள்ளியை யோசித்து வந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறரைக்கே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்தோம். முன்னால் முப்பது பேர். நான் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வருவதற்குள் அம்மாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி, அம்மாவுக்கு வயதுக்காக அதுவும் வாங்கவில்லை. எங்களைப் பார்த்தது சின்ன வயசு தமிழ் டாக்டர். உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது அந்தப் புள்ளியைப் பற்றி இல்லை, "அம்மா, தோட்டத்துல என்ன வேலை பாத்தீங்க?"

பால்மரம் வெட்டினேன் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை), அப்புறம் கடைசிப் பன்னிரண்டு வருஷம் களைக்கு மருந்து அடித்தேன் என்றார் அம்மா. டாக்டர் அம்மாவின் ரெண்டு கையையும் திருப்பி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் இஞ்ச் இஞ்சாகத் தடவிப் பார்த்தார். எதற்கு என்று அப்புறம் சொன்னார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் களை கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள், ஆர்சனிக் உடம்பில் சேர்ந்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து உள்ளங்கையில் சோளமணி மாதிரி கடினமான புள்ளிகள் வரும், தோல் புற்றும் வரும். அது எங்கள் பாட்டி காலத்து மருந்து, அம்மா அடித்தது பாராகுவாட். அது தோலைப் புண்ணாக்கும், நகம் கழன்று விழும், மலேசியாவில் 2020 தொடக்கத்திலிருந்துதான் முழுத் தடை. அம்மாவின் கையில் இருந்தது பால் கத்தி பிடித்த காய்ப்பு மட்டும். முகத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெயில்தான் என்றார் டாக்டர், மறுநடவு செய்த செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் நிழலே இல்லாமல் மருந்து டாங்கியைத் தூக்கிக்கொண்டு நடந்த வெயில்.

அப்புறம் டெர்மாஸ்கோப் என்ற ஒரு கருவியை எடுத்தார். கையடக்கமான லென்ஸ், சுற்றி லைட், போனில் மாட்டிப் படம் எடுக்கலாம். திரையில் அம்மாவின் மச்சம் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. நடுவில் நீலச் சாம்பல் நிறத்தில் முட்டை முட்டையாகத் திட்டுகள், மேலே மரக்கிளை பிரிவது போல மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள். "சாதாரண மச்சத்துல இப்படிக் கிளை ஓடாது அண்ணே" என்றார். படத்தை அங்கேயே ஈப்போ தோல் ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்பினார், ஒன்பதாம் நாள் அப்பாயின்மெண்ட் கிடைத்தது. அந்த லென்ஸ் முதல் கிளினிக்கில் இருந்திருந்தால் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

ஈப்போவில் மரத்துப்போக ஊசி போட்டு, நாலு மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் ஒரு துளி சதை எடுத்தார்கள். சில நாள் கழித்து ரிசல்ட். பேசல் செல் கார்சினோமா. இதைச் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். ஸ்பெஷலிஸ்ட் என்னைப் பார்க்கவே இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, நர்ஸ் தமிழில் சொல்லச் சொல்ல, இது புற்றுதான், ஆனால் மற்ற உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம், விட்டால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும் என்று அவரிடமே சொன்னார். பழைய டாக்டர்கள் இதை ரோடன்ட் அல்சர் என்பார்களாம், அரித்துக்கொண்டே போகிற புண் என்று அர்த்தம். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "மூக்கு போயிடுமா டாக்டர்?" போகாது என்றதும் தலையாட்டினார்.

என் சூப்பர்வைசருக்குச் செய்தது மோஸ் முறை, அதனால் அதைப் பற்றிக் கேட்டேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் மோஸ் என்பவர் 1930களில் மாணவராக இருக்கும்போதே தொடங்கி வைத்த வழி. மெல்லிய அடுக்காக வெட்டி, எந்தப் பக்கம் எது என்று வரைபடம் போட்டு, நோயாளி காத்திருக்கும்போதே வெட்டிய ஓரம் முழுவதையும் அடிப்பக்கத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்று மிச்சம் இருக்கிற மூலையில் மட்டும் இன்னோர் அடுக்கு எடுப்பார்கள். சாதாரண ஆபரேஷனில் வெட்டிய துண்டை வாழைக்காய் சீவுவது போல இடைவெளி விட்டுச் சீவிப் பார்ப்பார்கள், அதனால் ஓரத்தில் கொஞ்சமே கண்ணில் படும். நெதர்லாந்தில் முகத்தில் வருகிற இதே நோய்க்கு ரெண்டு முறையையும் ஒப்பிட்டுப் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். முதல் தடவை வந்த கட்டிகளில் மோஸ் செய்தவர்களுக்குத் திரும்ப வந்தது 4.4 சதவீதம், சாதாரணமாக வெட்டியவர்களுக்கு 12.2. ஏற்கெனவே ஒரு தடவை வெட்டித் திரும்ப வந்த கட்டிகளில் 3.9-க்கு 13.5.

ஸ்பெஷலிஸ்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருந்தது, சலிப்பில்லாமல் விளக்கினார். அம்மாவுடையது சின்னது, ஓரம் தெளிவாக இருக்கிறது, முதல் தடவை, அதனால் சுற்றி நாலு மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் போதும், லேபில் ஓரம் சுத்தமாக இல்லை என்று வந்தால் மறுபடி பேசலாம் என்றார். மோஸுக்காக இன்னோர் ஊரில் மாதக்கணக்கில் காத்திருப்பதா, கையில் இருக்கிற தேதியை எடுப்பதா என்று ராத்திரி அக்காவும் நானும் பேசினோம். யாரோ ஒருவர் ரத்து செய்ததில் பத்து நாளில் இடம் கிடைத்தது. நான் லீவை நீட்டினேன்.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம், முழு நினைவோடு. ஊசி போட்டதுதான் வலித்தது, மற்றபடி யாரோ கன்னத்தைக் கிள்ளி இழுத்த மாதிரி இருந்தது என்றார் அம்மா. சிரித்தால் கன்னத்தில் விழுகிற கோட்டோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள், இப்போது தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். ஓரமெல்லாம் சுத்தம் என்று லேப் ரிப்போர்ட் நான் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் வந்தது.

குறை என்றால் ஆஸ்பத்திரியில் பார்க்கிங் கொடுமை, ஏழு மணிக்குப் போனாலே இடம் இல்லை. அதைவிட எனக்கு உறுத்தியது, சம்மதப் பத்திரமும் புண் பார்த்துக்கொள்ளும் தாளும் மலாயில் இருந்தது. அம்மாவுடைய மலாய் சந்தை மலாய், அவருக்குப் படிக்கத் தெரிந்தது தோட்டப் பள்ளியில் படித்த தமிழ். தமிழ் பேசுகிற நர்ஸ் இல்லாத நாளில் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? பிளாஸ்டரை எப்போது மாற்றுவது, ரத்தம் கசிந்தால் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த விசிட்டில் நர்ஸிடம் காட்டித் திருத்தி வாங்கச் சொல்லி.

கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு அத்தை வந்தார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் கேட்காமல் செருப்பைக் கழற்றி இடது குதிகாலைக் காட்டினார். மை கொட்டிய மாதிரி ஒரு கறை, ஒரு பக்க ஓரம் கலங்கலாக, போன தீபாவளிக்கு இதில் பாதிதான் இருந்ததாம். நம் நிறத்து ஆட்களுக்கு மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்று வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது, அது அம்மாவுக்கு வந்ததைப் போலச் சாதுவானது இல்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் அத்தை, ஆனால் யாரையும் சுட விடாதீங்க, நேரா அந்த டாக்டர்கிட்ட போங்க என்றேன். திங்கட்கிழமை ஆறரைக்கு அம்மாவே கூட்டிக்கொண்டு போய் நம்பர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இன்னும் ரிசல்ட் வரவில்லை.